ட்ரீ இல்லைடா

மாப்ள,

நேற்று முதல் தடவையாகத் தனியாக இன்டர்வியூ எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஷேடோ எல்லாம் முடிந்து, இனி நீயே எடு என்று விட்டுவிட்டார்கள். வீடியோவில் ஒரு பையன். பின்னால் இரும்புக் கட்டில், கொடியில் ஈரத் துண்டு. நம் வேளச்சேரி ரூமேதான்.

போனில் சொல்லியிருப்பேன், நீ எடுக்க மாட்டாய். நம் செட் பசங்க இதைப் படிப்பார்கள். அதனால் உன் பேரும் கம்பெனி பேரும் இங்கே வராது.

2018 நவம்பர். பெங்களூர் மெயில், மாரத்தஹள்ளி லாட்ஜ், அதெல்லாம் விடு. இரண்டு பேரும் போன வேலை இன்டர்வியூ. இரண்டாவது ரவுண்ட் முடித்து நான் வெளியே வருகிறேன். அதே ரூமுக்கு அடுத்து நீ. ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "என்னடா கேட்டான்?" என்றாய். என் விரலெல்லாம் மார்க்கர் நீலம். "ஏதோ ட்ரீ" என்றேன்.

கேட்டது ட்ரீ வகைப் புரோகிராமிங் கேள்வியே இல்லை, எல்ஆர்யூ கேஷ்: இடம் நிறைந்தால் ரொம்ப நேரமாகத் தொடாததைத் தூக்கிப்போடும் சேமிப்பு. முந்தின ஞாயிற்றுக்கிழமை நீதான் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினாய். தேடுவதைச் சட்டென்று எடுத்துத் தரும் ஹேஷ் மேப் புரிந்தது, வரிசையை வைத்திருக்கும் லிஸ்ட்டை ஏன் இரண்டு பக்கமும் கோர்க்க வேண்டும் என்பது மண்டையில் ஏறவில்லை. "ரேஷன் கடை கியூடா. ஒவ்வொருத்தனுக்கும் தனக்கு முன்னால் நிற்கிறவன் முதுகுதான் தெரியும். நடுவில் ஒருத்தனை உருவினால் அவன் பின்னால் நிற்கிறவனிடம் யார் போய்ச் சொல்வது? கடைசியிலிருந்து ஒவ்வொருத்தனாகக் கேட்டுக்கொண்டு வரணும். பின்னால் நிற்கிறவனையும் தெரிந்தால் அந்த அலைச்சல் இல்லை." அதைத்தான் உள்ளே போய் போர்டில் எழுதினேன்.

கேள்வியை வெளியே சொல்லக் கூடாது என்று என்டிஏ என்கிற ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம். உனக்குத் தெரிந்த கேள்விதானே, சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, ட்ரீ என்பது வேறு. 45 நிமிடத்தில் இரண்டு கேள்வி. இரண்டாவதை நீ தொடவே நேரமில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்தாய். "டீ சாப்பிடலாமா?" அவ்வளவுதான். காசும் நீதான் கொடுத்தாய்.

ஓர் அறை விட்டிருக்கலாமே. நீ மட்டும் யோக்கியமா? நான் பழைய வேலையில் பேப்பர் போட்டுவிட்டு, 90 நாள் நோட்டீஸில் மூன்று வாரம்தான் பாக்கி, கையில் ஒன்றுமில்லை. நீ இன்னொரு ஆஃபரைப் பையில் வைத்துக்கொண்டு அந்த ரயிலில் ஏறியிருக்கிறாய். அதை நான் வேறொருத்தன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுபடி முயலக் காத்திருக்க வேண்டிய கூல்டவுன் முடிந்ததும் ரெஃபர் பண்ணுகிறேன், ரெஸ்யூமே அனுப்பு என்றேன். கட்டைவிரல் ஒன்று அனுப்பினாய். அந்தக் கட்டைவிரலை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

சரி. நேற்று கேட்டது வேறு கேள்வி, அதை இங்கே எழுதக் கூடாது. ஆனால் பையன் சிக்கியது நான் சிக்கிய அதே இடத்தில். கியூவை நினைத்துக்கொள் என்று இங்கிலீஷில் ஆரம்பித்து நான் திணற, அவன் சிரித்துவிட்டு, "ரேஷன் கடை மாதிரியா சார்?" என்றான். அப்புறம் மளமளவென்று எழுதினான்.

ஃபீட்பேக்கில் 'ஒரு ஹின்ட் கொடுத்தேன்' என்று போட்டிருக்கிறேன். உன்னுடையதுதான் அது.

ரெஸ்யூமே கேட்கவில்லை. போனை எடு.