ராஜிக்கு, பெர்ரிஸிலிருந்து

அன்புள்ள ராஜி,

நலம்தானே? இங்கே கலிபோர்னியாவில் எல்லாரும் சுகம். சின்னவன் உயரத்தில் அவன் அப்பாவை எட்டிவிட்டான். பெரியவள் காலேஜுக்குப் போனதிலிருந்து போனை எடுப்பதே இல்லை. நீ கொடுத்துவிட்ட கருப்பட்டி மிட்டாய் பத்திரமாக வந்து சேர்ந்தது, பிரித்த அன்றே காலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மறுபடியும் பாராசூட் கட்டி விமானத்திலிருந்து குதித்துவிட்டேன். ஏட்டி, கத்தாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வேண்டியது சொல்லாமலே போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்த வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாயே, "இனிமேலும் அந்த வேலைக்குப் போவியா?" என்று. அன்றைக்கு நான் பேச்சை மாற்றினேன். என்னிடம் பதில் இல்லை என்பதுதான் காரணம். போக வேண்டும் என்ற ஆசை மயக்கம் தெளிந்த அன்றே வந்துவிட்டது. ஆனால் ஆசையை நம்பி விமானத்தில் ஏற முடியாது. எதை நம்பி ஏறுவது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை மாதம் பிடித்தது. அந்தக் கதையை உன்னிடம்தான் சொல்ல முடியும். தசையும் தையலும் உன் தொழில். எங்கள் டிராப் ஸோன், அதான் குதிக்கிற மைதானத்து ஆட்களுக்குப் பாராசூட் தெரியும், வயிறு தெரியாது. டாக்டர்களுக்கு வயிறு தெரியும், பாராசூட் தெரியாது.

அப்பெண்டிக்ஸ் வெடித்து, தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரைக்கும் திறந்து கழுவினார்கள் அல்லவா? டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆறு வாரம் கனமான எதையும் தூக்காதே என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஸ்கைடைவிங் எப்போது போகலாம் என்று சர்ஜனிடம் கேட்டேன். "ஆறு வாரம் கழித்து வழக்கம்போல எல்லாம் செய்யலாம்" என்றார். நல்ல மனிதர், கை சுத்தமான கை. ஆனால் அவர் மனதில் ஓடியது, வானத்தில் பஞ்சுபோல மிதந்து இறங்கும் விளம்பரப் படம். அதைக் குறை சொல்ல முடியாது, வெளியே இருப்பவர்கள் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அடுத்த தடவை போகும்போது ஒரு வீடியோவோடு போனேன். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் குப்புற விழுந்துகொண்டிருக்கிறோம். பாராசூட் திறக்கிறது. மூன்று நான்கு விநாடிக்குள் அந்த வேகம் முழுக்கப் போக வேண்டும். படுத்த உடம்பு நிமிர்கிறது, கால் இரண்டும் கீழே வீசி வருகிறது, மொத்த இழுப்பும் தொடைப் பட்டை வழியாக இடுப்பில் இறங்குகிறது. நன்றாகத் திறந்தாலே உடம்பு எடையைப்போல மூன்று நான்கு மடங்கு விசை. அடித்துத் திறந்தால் பத்து மடங்கைத் தாண்டுவதும் உண்டு. அந்த நேரத்தில் உடம்பை நடுவில் பிடித்து வைப்பது வயிற்றுத் தசைதான். ரிசர்வ், அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட் என்றால் இன்னும் சீக்கிரம், மூன்று விநாடிக்குள் திறந்தால்தான் அதற்குச் சான்றிதழே கிடைக்கும். அந்த ரிசர்வ் பிடியை இழுக்க 22 பவுண்டு வரைக்கும் விசை தேவைப்படலாம். உன் கணக்கில் பத்துக் கிலோ.

சர்ஜன் வீடியோவை மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். மூன்றாவது வாரத்தில் தையல் போட்ட இடத்துக்குப் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், மூன்று மாதம் ஆனால் ஐந்தில் நாலு பங்கை நெருங்கும், அதற்கு மேல் முழுதாகத் திரும்பவே திரும்பாது என்றார். நடுவயிற்றைத் திறந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது பின்னால் அந்தத் தையல் வழியாகவே ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், தள்ளுகிறது என்றும் சொன்னார். ஆறு வாரம் என்ற பேச்சை அவரே விட்டுவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் தெரியுமா? வெளியில் ஆறிவிட்ட தழும்பைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் திரும்பிப் போகிறார்கள். நடக்க முடிகிறது, படி ஏற முடிகிறது, அதனால் குதிக்கலாம் என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகவே படவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிற குதிப்புக்கு உடம்பு தயாராக இருந்தால் போதாது. மெயின் பாராசூட் சிக்கலாகி, சுழன்றுகொண்டே போய், அதை வெட்டிவிட்டு ரிசர்வை இழுத்து, தெரியாத பொட்டலில் உருண்டு இறங்கும் குதிப்புக்குத் தயாராக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த நாள் வரவே வராமல் போகலாம். ஆனால் டிக்கெட் வாங்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

அப்புறம்தான் உன் பயிற்சிகள். மல்லாந்து படுத்து, எதிர்க் கையையும் காலையும் மெதுவாக நீட்டி, இடுப்பு தரையை விட்டு எழும்பாமல் மூச்சு விடச் சொன்னாயே, அதை முதலில் பார்த்தபோது இதெல்லாம் ஒரு பயிற்சியா என்றுதான் தோன்றியது. இரண்டாவது மூச்சிலேயே கால் நடுங்கிவிட்டது. போன் திரையில் நீ ஹாஸ்டல் வார்டன் குரலில் "இடுப்பு, இடுப்பு" என்று அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தம்மா உனக்கு அப்படியே இறங்கியிருக்கிறாள், போ. ஆனால் ராஜி, மனதாரச் சொல்கிறேன். என்னைத் திரும்ப அந்தக் கதவுக்குக் கொண்டுபோனது நீ பாளையங்கோட்டையிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு விழித்திருந்து சொல்லிக் கொடுத்த அந்த அசைவுகள்தான்.

இனி முக்கியமான இடம். அமெரிக்காவில் ரிசர்வை 180 நாளுக்கு ஒரு தடவை, பாராசூட்டை மடித்துப் பராமரிக்கும் ரிக்கர் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து முத்திரை வைக்க வேண்டும். நான் படுத்திருந்த காலத்தில் என் தவணை முடிந்துவிட்டது. எப்படியும் பிரிக்கத்தான் போகிறார், அதனால் மாட்டிக்கொண்டு நானே இழுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எல்லாரும் இப்படிக் கேட்க வேண்டும்" என்று சொல்லித் தொடைப் பட்டையை அவரே இறுக்கிவிட்டார். கீழே பார்த்தேன். வலது பக்கம் மெயினை வெட்டிவிடும் பிடி, இடது பக்கம் ரிசர்வ். முதலில் வலது. வெல்க்ரோ பர்ரென்று பிரிந்து, மஞ்சள் கேபிள் முழு நீளத்துக்கும் வெளியே வந்தது. அடுத்து இடது. முதல் இழுப்பில் அசையவில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி, வயிற்றை இறுக்கி, கீழ்நோக்கித் தள்ளினேன். முதுகுக்குப் பின்னால் டப்பென்று ஒரு சத்தம், ரிசர்வை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட், சுருள்வில் வைத்த பைலட் சூட், துள்ளிப் போய்ச் சுவரில் மோதித் தரையில் உருண்டது. தழும்பு நெடுகிலும் ஒரு இறுக்கம் இருந்தது. வலி இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரிக்கர் ஒன்றும் பேசாமல் துணியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

டாக்டர் சரி என்றதைவிட அந்த ஒரு இழுப்புதான் எனக்கு அனுமதிச் சீட்டு. அன்றிலிருந்துதான் தேதி குறிக்கலாம் என்ற எண்ணமே வந்தது.

ஆனாலும் அவசரப்படவில்லை. மாணவர்களுக்காகக் கூரையில் ஒரு ஹார்னெஸைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதில் தொங்கி அவசர நடைமுறையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். தொடைப் பட்டை எங்கே அழுத்துகிறது, அடிவயிறு எப்படித் தாங்குகிறது என்று அதில் நன்றாகத் தெரிந்தது. பெர்ரிஸில் டிராப் ஸோனை ஒட்டியே, கீழிருந்து காற்றடித்து ஆளை மிதக்க வைக்கும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது, அதிலும் பறந்தேன். வயிற்றை முன்னால் தள்ளி உடம்பை வில்லாக வளைத்தால்தான் நிலையாக விழ முடியும். தழும்பு நன்றாக நீண்டு கொடுக்கிறதா என்று பார்க்க அதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் சுரங்கத்தில் திறக்கும் இழுப்பு கிடையாது. அங்கே நன்றாகப் பறந்துவிட்டோம் என்று நேரே மேலே போய்விடக் கூடாது.

என்னைப்போல், குதிப்பதற்கான உரிமத்தில் மூன்றாம் படியான சி லைசென்ஸ் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் குதிக்காமல் இருந்துவிட்டால், ஒரு பயிற்றுநரின் பார்வையில்தான் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. எனக்குக் கிடைத்த பயிற்றுநர் அம்மா ரொம்பக் கண்டிப்பு, உனக்குப் பிடித்திருக்கும். என் சின்னப் பாராசூட்டை ஓரமாக வை என்று சொல்லிவிட்டு, மெதுவாகத் திறக்கும் என்று பேர் வாங்கிய ஏழு அறைப் பாராசூட் ஒன்றை, அதுவும் பெரிய அளவில், வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். மடிக்கும்போது பக்கத்திலேயே நின்றார். முன்முனையைச் சுருட்டி உள்ளே வைத்தேன், திறப்பதை மெதுவாக்கும் துணியான ஸ்லைடரை இழுத்து நடுவில் பரப்பினேன். கயிறுகளை ரப்பர் பேண்டில் கோக்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். தளர்வாக இருந்தால் கயிறு மொத்தமாகக் கொட்டி, அடித்துத் திறக்கும்.

முதல் குதிப்பு 5,000 அடியில். மேலே போகவே இல்லை. விழுகிற உடம்பு முழு வேகத்தை எட்டப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். வெளியேறிய ஐந்து விநாடிக்குள் பாராசூட்டைப் போட்டுவிட்டால் வேகம் ஏறியிருக்காது, இழுப்பும் மென்மையாக இருக்கும். எங்களை ஏற்றிப் போகும் ட்வின் ஆட்டர் விமானத்தில் நம்ம ஊர் மினி பஸ் மாதிரி முட்டிக்கு முட்டி நெருக்கி உட்கார வேண்டும். என் வயிற்றுப் பக்கம் ஒரு பையன் ஹெல்மெட்டை வைத்திருந்தான், எடுக்கச் சொல்லிவிட்டேன். கதவு திறந்தது. சான் ஜஸின்டோ மலை ஒரு பக்கம், எல்சினோர் ஏரி ஒரு பக்கம். வெளியே விழுந்து, வளைந்து, எண்ணி, போட்டேன். மேலே துணி சலசலவென்று நீண்டுகொண்டே போய், அப்புறம் மெல்லத் தூக்கியது. அவ்வளவுதான் ராஜி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தது. இறங்கும்போது இரண்டு கயிற்றுப் பிடியையும் இடுப்புவரை இழுத்தபோதுதான் தழும்பு லேசாக எட்டிப் பார்த்தது. புல்லில் நின்றே இறங்கினேன்.

அன்று மதியமே 13,000 அடிக்கும் போனேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். குடலுக்குள் இருக்கும் வாயு ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பும். ஆகையால் காலையில் வெறும் இட்லிதான். நீ மெஸ்ஸில் வாரி வாரிச் சாப்பிட்ட கொண்டைக்கடலைச் சுண்டல் ஞாபகம் வந்தது. உன்னை விமானத்தில் ஏற்றினால் மற்றவர்கள் பாராசூட் இல்லாமலே இறங்கிவிடுவார்கள்.

நீ அடுத்து என்ன சொல்வாய் என்று தெரியும். ஒரு தடவை தப்பித்தால் போதாதா என்பாய். இங்கே அடிபட்டுத் திரும்புகிறவர்களுக்கெல்லாம் டான் பிராட்ஸ்கி-சென்ஃபெல்ட் கதையைச் சொல்வார்கள். 1992 ஏப்ரலில் இதே பெர்ரிஸில் ஒரு ட்வின் ஆட்டர் கிளம்பியதுமே விழுந்து 16 பேர் இறந்தார்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது. அவர் கழுத்து முறிந்து, வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து, திரும்பி வந்து உலகச் சாம்பியன் ஆனார். அந்தக் கதையைத் தைரியம் ஊட்டுவதற்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நிற்பது வேறு. விமானம் ஏறும்போது சீட்பெல்ட் போடுவதில் இன்றைக்குக் காட்டும் கண்டிப்புக்கு அந்தப் பதினாறு பேர்தான் காரணம். நான் பெல்ட்டை மாட்டும்போதெல்லாம் அவர்களைத்தான் நினைக்கிறேன்.

இனி உன் பங்கு. தொப்புள் ஹெர்னியாவை எத்தனை வருஷமாகத் தள்ளிப் போடுகிறாய்? இரண்டாவது பிரசவத்திலிருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு அது தானாக மறையாது என்று பேஷண்டுக்குச் சொல்லுகிறவளே நீதான். குடல் மாட்டிக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் திறப்பார்கள், நான் பட்டதுதான் உனக்கும். திட்டமிட்டுச் செய்தால் சின்ன வெட்டு, தேவைப்பட்டால் ஒரு வலை, சில நாளில் வீடு. அண்ணனிடம் நானே பேசுகிறேன், லீவு போடச் சொல்கிறேன். கிளினிக்கை ரெண்டு வாரம் உன் ஜூனியர் பார்த்துக்கொள்ளட்டும். உன் பயிற்சிகளை இந்தத் தடவை நான் திரையில் உட்கார்ந்து அதட்டுகிறேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நீ வீட்டுக்குப் போகும்போது கேட்டால் மறைக்க வேண்டாம், ரிசர்வை இழுத்துப் பார்த்த கதையையும் சேர்த்துச் சொல். செல்வி அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே, அடுத்த நாள் மகாராஜநகர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை என்றால் நேரே அண்ணன் நம்பருக்குத்தான் அடிப்பேன்.

உன்,
வள்ளி