அண்டாவைக் கவிழ்த்தவர்கள்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ இஸ்தான்புல்லிலிருந்து அனுப்பிய தோப்காப்பி அரண்மனைப் படங்களைப் பார்த்தோம். அம்மாவின் கண் நகைகள் மேல். எனக்கு அந்தச் சமையலறைப் புகைபோக்கிகள் போதும். வரலாற்று வாத்தியாருக்குப் படம் அனுப்பினால் பதிலுக்குப் பாடம் வரும், பொறுத்துக்கொள்.

அது ஒட்டோமான் பேரரசின் சுல்தான்கள் வாழ்ந்த அரண்மனை. சம்பள நாளில் சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படைவீரர்கள் அதன் முற்றத்துக்கு வருவார்கள். சூப் பரிமாறுவார்கள். பாய்ந்து வந்து குடித்தால் சுல்தானுக்கு நிம்மதி. தொடாமல் நின்றால் வயிற்றில் புளி கரையும். அவர்களுக்குக் கொடியைவிடச் சூப் அண்டாதான் பெரிது. படைப்பிரிவுத் தலைவனுக்குப் பட்டமே 'சோர்பாஜி', சூப்புக்காரன்! அண்டாவைக் கவிழ்த்தால் கலகம் என்று அர்த்தம்.

யார் இவர்கள்? பெரும்பாலும் தென்கிழக்கு ஐரோப்பாவில் பால்கன் பகுதிக் கிராமங்களின் கிறிஸ்தவப் பிள்ளைகள். சுல்தானின் ஆட்கள் ஊருக்கு வந்து பையன்களைப் பொறுக்குவார்கள். ஒரே பிள்ளை என்றால் பொதுவாக விட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்குச் சிவப்பு உடை மாட்டி நடத்திக் கூட்டிப்போய், மதம் மாற்றி, பழக்கி எடுப்பார்கள். தெவ்ஷிர்மே என்று பெயர். கணக்கு எளிது: பழைய துருக்கியப் பிரபுக் குடும்பங்களை நம்ப முடியாது. அப்பன், மாமன், மச்சான் என்று யாரும் பக்கத்தில் இல்லாதவன் சுல்தானைத்தானே நம்பியிருப்பான்? அவனுக்குக் கல்யாணமும் கூடாது. அவன் பதவி மகனுக்குப் போகவும் கூடாது.

வரி கேட்கிற அரசு தெரியும், பிள்ளையையே கேட்கிற அரசு! ஆனாலும் பையன் முன்னுக்கு வருவான் என்று விரும்பி அனுப்பிய பெற்றோரும் இருந்தார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

இதெல்லாம் எவ்வளவு நாள் தாங்கும்? மெல்லக் கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகளையும் படையில் சேர்த்தார்கள், கடை வைத்தார்கள். உறவே இல்லாதவர்கள் என்று கொண்டுவந்தவர்கள் ஒரே பெரிய குடும்பமாகிவிட்டார்கள். 1622-இல் தங்களை அடக்க நினைத்த இரண்டாம் உஸ்மானைக் கவிழ்த்தார்கள், அந்த இளம் சுல்தான் கொல்லப்பட்டார். 1826 ஜூனில் கடைசியாக அண்டாவைக் கவிழ்த்தபோது இரண்டாம் மஹ்மூத் தயாராக இருந்தார். பீரங்கிகள் அவர்களுடைய பாசறையைத் தீக்கிரையாக்கின. ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

சரி, எனக்குப் பிடித்த ஆளைச் சொல்கிறேன். போஸ்னியாவில் விசெக்ராட் பக்கத்துக் கிராமத்திலிருந்து இப்படிக் கொண்டுபோன பையன் ஒருவன் 1565-இல் பேரரசின் தலைமை அமைச்சரானான். சொகொல்லு மெஹ்மத் பாஷா. மூன்று சுல்தான்களுக்கு அமைச்சர். அவ்வளவு பெரிய இடத்திலிருந்தும் விசெக்ராடில் த்ரினா ஆற்றுக்குப் பாலம் கட்டச் சொன்னார். கட்டிய கட்டடக் கலைஞர் சினானும் அதே தெவ்ஷிர்மேயில் வந்தவர்தான். பதினொரு வளைவுகள். இன்னும் நிற்கிறது. ஊரை மறக்கடிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள், பார்.

பதினோரு வயதில் உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். நீ கேட்டில் நின்றாய் என்று அம்மாதான் பிறகு சொன்னாள். லீவு கிடைத்தால் விசெக்ராடுக்குப் போய்வா. பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா