வாத்தியார் சம்பளமும் நம்ம ஓட்டும்

பெங்களூரு, அல்சூர்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம், ஆனாலும் பைக்கைக் கொஞ்ச நாள் தொடாதே.

உங்கள் சம்பளக் கதையைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370, மறுநாளிலிருந்து சேர்ந்தவருக்கு 5,200 என்று அப்போது வைத்தார்கள் என இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வினர் சரிசெய்வதாக எழுதியே கொடுத்தார்கள். அப்புறமும் நீங்கள் சென்னையில் பள்ளிக்கல்வி அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார வேண்டியிருந்ததே!

இங்கே கதை வேறு. தமிழ்நாட்டில் 1986-இல் கலைத்த சட்ட மேலவை கர்நாடகத்தில் இன்னும் இருக்கிறது. அதன் 75 இடங்களில் 7 ஆசிரியர் தொகுதிகளுக்கு. எங்கள் வீட்டில் சுமதி உயர்நிலைப் பள்ளி வாத்தியார், அதனால் அந்த முறையிலும் அவளுக்கு ஒரு ஓட்டு. 2024 பிப்ரவரி இடைத்தேர்தலில் வேட்பாளர்களின் ஆட்கள் வீடு தேடி வந்து பென்ஷன், நிலுவை எல்லாம் பொறுமையாகக் கேட்டுப் போனார்கள். ஜெயித்தது புட்டண்ணா. மதச்சார்பற்ற ஜனதா தளம், பா.ஜ.க., காங்கிரஸ் என்று மனிதர் மூன்று கட்சி பார்த்துவிட்டார், தொகுதி மட்டும் அவரை விடவில்லை.

ஆனால் அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவு இந்த ஓட்டை உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே தரவில்லை. எதிர்வீட்டு ரேவதி அரசுத் தொடக்கப் பள்ளியில் கௌரவ ஆசிரியை, அதாவது தற்காலிக வாத்தியார். மாதம் பத்து, பன்னிரண்டாயிரம்தான். கோடை விடுமுறைக்கு அதுவும் கிடையாது, பள்ளி திறக்கும்போது மறுபடி கூப்பிடுவார்களா என்றும் தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவள்தான், மேலவையில் அவளுக்காகப் பேச ஆள் இல்லை.

ஓட்டு நெருங்கினால் பணம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்தேன். 2023 மார்ச் 1-ஆம் தேதி அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம். அன்றைக்கே 17 சதவீத இடைக்கால உயர்வுக்கு உத்தரவு வந்துவிட்டது. மே 10-இல் சட்டமன்றத் தேர்தல் இருந்ததே, வராமல் என்ன செய்யும்! நிரந்தர வாத்தியார்களுக்கு அதில் லாபம். ரேவதிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

உனக்கு அரசாங்கத்தின் மேல் கோபம். எனக்கு எங்கள் தெருவின் மேல்தான் அதிகம். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் காவிரித் தண்ணீர், சாக்கடை, பார்க்கிங் என்று எல்லாம் கேட்டோம். நான் உட்பட ஒருவரும் பள்ளிக்கூடம் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள்தான் கான்வென்ட்டில் படிக்கிறார்களே! ரேவதியின் வகுப்பில் பாதிப் பேர் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களின் அப்பா அம்மாவுக்கு ஓட்டு ராய்ச்சூரிலோ கலபுரகியிலோ இருக்கிறது. கேட்க வேண்டியவர்களுக்கு இங்கே ஓட்டில்லை, ஓட்டு உள்ளவர்களுக்கு அந்தப் பள்ளி எந்தச் சந்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வேட்பாளர் மட்டும் எதற்குக் கவலைப்படுவார்?

ஆசிரியர்களுக்கென்று தனி ஓட்டே தப்பு, அதனால்தான் மற்றவர்கள் இதை அவர்கள் பாடு என்று விட்டுவிடுகிறார்கள் என்பது சுமதியின் வாதம். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். மேலவையே இல்லாத உங்கள் ஊரில் என்ன பெரிதாகக் கிழித்துவிட்டார்கள்? ராத்திரிச் சாப்பாட்டில் தினம் இதே சண்டைதான்.

உன் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்பதுண்டா? எழுது. அரையாண்டு லீவில் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அப்புறம் கிடைக்காது.

அன்புடன்,
சேகர்