நடையை விட்டுவிடாதீர்கள் அப்பா

ஸ்கார்பரோ, கனடா,
ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அம்மா போனில் எல்லாம் சொன்னாள். போன ஞாயிறு மாயூரநாதர் கோயில் வரை நடந்துபோய், பிராகாரமும் சுற்றி வந்தீர்களாமே. மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டதாம். அன்றிலிருந்து நடையும் இல்லை, பயிற்சியும் இல்லை, 'ஆபரேஷனே வீண்' என்று படுத்தே இருக்கிறீர்களாம். போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் வழுக்கி விழுந்து சுளுக்கிக்கொண்டது என்றேனே, அது சுளுக்கு இல்லை. கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு முறிந்து, தகடும் ஆறு திருகும் வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தீர்கள். தெரிந்தால் தள்ளிப்போட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். பொங்கலுக்கு அனுப்பிய படத்தில் இடுப்புக்கு மேல் மட்டும்தான் இருந்தேன், கவனித்தீர்களா? கீழே இரண்டு பக்கமும் ஊன்றுகோல். மன்னித்துவிடுங்கள் அப்பா.

இந்த ஊரில் பனி பெய்யும்போது பயமில்லை. அது உருகி, ராத்திரி மறுபடி உறைந்துபோகிறதே, அதுதான் ஆபத்து. தார் ரோட்டோடு கண்ணாடி மாதிரி ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. செலவை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஆபரேஷனுக்கு என் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை, ஓஹிப் என்கிற இந்த மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையே போதுமாக இருந்தது. முன்பெல்லாம் புதிதாக வருகிறவர்கள் அந்த அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். அப்புறம் பிசியோதெரபி. எனக்குப் பயிற்சி கொடுப்பவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். வலியை அவர் 'நோ' என்றுதான் சொல்வார். போனதும் முதல் கேள்வி, "பத்துக்கு எவ்வளவு நோ, பிள்ளை?" பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. தரையில் துண்டை விரித்து விரல்களாலேயே சுருட்டி இழுக்க வேண்டும், ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி நாலு திசையும் தள்ள வேண்டும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், முதல் வாரம் துண்டு ஒரு சாண்கூட நகரவில்லை.

பத்தாவது வாரம் வலி இரண்டுக்கு இறங்கிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சனிக்கிழமை கடைக்கு நடந்தே போனேன், சப்வேயில் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கினேன், வந்து மூன்று மணி நேரம் நின்று சமைத்தேன். ராத்திரி கால் வீங்கிவிட்டது. காலையில் சாக்ஸ் ஏறவில்லை. வலி ஏழு. தகடு நகர்ந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் இரண்டு நாள் காலை அசைக்கவே இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் கால் கட்டையாக இறுகிக் கிடந்தது.

அந்த அம்மா தொட்டுப் பார்த்து, அசைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டும் முறியேல்லை, பிள்ளை. நீங்கள் ஒரு கிழமை வேலையை ஒரு நாளிலை செய்துபோட்டீங்கள்" என்றார். அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தார்கள். தகடும் திருகும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆறிக்கொண்டிருக்கும் சதை, தாங்குகிற அளவுக்கு மேல் வேலை கொடுத்தால் வீங்கிக் கத்துகிறது. அதனால் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று ஆகாது. அவர் எனக்குச் சொன்ன கணக்கு இதுதான். பயிற்சியின்போது வலி மூன்று நாலு வரை போகலாம். மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால் அடுத்த நாள் பாதியாகக் குறைக்க வேண்டும். பாதிதான், நிறுத்தக் கூடாது.

அன்றிலிருந்து, நீங்கள் பால் கணக்கு எழுதுகிற மாதிரி நானும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். எத்தனை நிமிஷம் நடந்தேன், ராத்திரி வலி எவ்வளவு, காலையில் எவ்வளவு. அந்த ஏழு மறுபடி இரண்டுக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனது, ஆனால் அன்று நான் பயப்படவில்லை.

இன்னொன்றும் செய்தேன். இங்கே டிரைவர் பொத்தானை அழுத்தினால், பஸ் காற்றை விட்டுக்கொண்டு முன்பக்கம் தாழும், கோயில் யானை முன்காலை மடக்குகிற மாதிரி. எனக்காக அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு அப்புறம் தினமும் கேட்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

நீங்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்றும் அம்மா சொன்னாள். அது மட்டும் வேண்டாம் அப்பா. அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கினபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வையுங்கள். கெண்டைக்கால் சூடாக வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், அவர்கள் சொல்லிக்கொடுத்த பயிற்சியில் பாதியை நாளைக்கே ஆரம்பியுங்கள். கோயில் வேண்டாம், வாசலில் இருந்து தெருமுனை வரை போதும்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவேன். நீங்கள் உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், நான் என்னுடையதைச் சொல்கிறேன். இனி ஒன்றையும் மறைக்க மாட்டேன். அம்மா இதைப் படித்ததும் அழுவாள், பக்கத்திலேயே இருங்கள்.

உங்கள் அன்பு மகள்