“நீர் புகாது” என்று விற்ற ஆறு பைனாகுலர்கள்: பணத்தைத் திருப்பித் தருமாறு கோரும் புகார்

நுவரெலியா,
2025.03.03

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா/அம்மணி,

பொருள்: 2024.12.21 அன்று கொள்வனவு செய்த 8×25 பைனாகுலர் ஆறின் உட்புறம் ஈரம் புகுந்தமை, அளவு குறைந்தமை

உங்கள் கண்டிக் காட்சியறையில் மேற்படி திகதியில் ஆறு பைனாகுலர்கள் (8 மடங்கு பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 25 மில்லிமீற்றர்) வாங்கினோம். ஒன்று 28,500 ரூபாப்படி மொத்தம் 171,000 ரூபா. பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உள்ளது. ஹோட்டன் சமவெளி, ஹக்கலை, விக்டோரியா பூங்கா ஆகிய இடங்களுக்குப் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் பார்க்க வருவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் ஆறு பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இரண்டு மாதத்துக்குள் நான்கு கருவிகளில் உள்ளே ஈரம் படிந்துவிட்டது. அந்த நான்கில் ஒன்றில் பங்கசும் பிடித்திருக்கிறது. ஈரம் படியாத மற்ற இரண்டிலும் பார்க்கும் பொருள் இரட்டையாகத் தெரிகிறது. ஆக, உருப்படியாக எடுத்துப் பார்க்க ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பெப்ரவரி 10ஆம் திகதி உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலில், இது மலைநாட்டுக் குளிரால் ஏற்படும் இயல்பான பனிமூட்டம் என்றும் பொருளில் குறைபாடு இல்லை என்றும் இருந்தது. இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு வரிக்கான பதில்.

லென்ஸ் மங்குவது இரண்டு விதம். குளிரில் கிடந்த பைனாகுலரைக் கண்ணில் வைத்தவுடன் மூச்சுப் பட்டு வெளிக்கண்ணாடி மங்கும். துணியால் ஒற்றினால் போய்விடும், ஒற்றாவிட்டாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே தெளியும். லட்சக்கணக்கில் விலை போகும் கருவிக்கும் இது நடக்கும். அதைப் பற்றி நாங்கள் முறையிடவில்லை. எங்கள் முறைப்பாடு உட்கண்ணாடியைப் பற்றியது. 2ஆம், 5ஆம் இலக்கம் ஒட்டிய கருவிகளைத் திருப்பிப் பிடித்து, முன் லென்ஸ் வழியாக டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பிறை போலப் பொடித் துளிகள் படிந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அவை இருப்பது கண்ணாடியின் மறுபக்கத்தில். 3ஆம் இலக்கத்தில் இன்னும் மோசம்: இடப்பக்க அரியத்தின் (உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) மூலையில் சிலந்தி நூல் போலப் பங்கசு கிளைவிட்டிருக்கிறது. அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்த பிறகும் தடம் நிற்கும்.

இனி குளிர் விஷயத்துக்கு வருவோம். ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் பட்டிப்பொலையில் ஒரு தேநீர்க் கடைக்குள் வெப்பநிலை 22 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 18 பாகை அளவுக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும். ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. தேநீர்க் கடைக் காற்று குழாய்க்குள் அகப்பட்டிருந்தால் அந்தக் குளிரில் துளியாகாமல் வேறு என்ன செய்யும்? அந்தக் காற்று உள்ளே போனது எப்படி என்பதற்குத்தான் உங்களிடம் பதில் இல்லை. நீர் புகாத பைனாகுலரில் மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம் போட்டு, உள்ளிருக்கும் சாதாரணக் காற்றை வெளியேற்றி, ஈரமில்லாத நைதரசனையோ ஆகனையோ நிரப்பியிருப்பார்கள். நீராவியே இல்லாத குழாய்க்குள் எந்தக் குளிரிலும் படிவதற்கு எதுவும் கிடையாது. உங்கள் பெட்டியிலும் “நைதரசன் நிரப்பப்பட்டது” என்றுதான் அச்சிட்டிருக்கிறீர்கள்.

காற்று போன வழி கண்ணுக்கே தெரிகிறது. இந்த மாதிரியில் நடுவிலுள்ள போகஸ் சில்லைத் திருப்பினால் கண்பக்கக் குழாய்கள் இரண்டும் பின்னால் நகர்ந்து வெளியே வருகின்றன. தூரத்து மலையிலிருந்து 2 மீற்றரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிக்குத் திருப்பும்போது குழாய் எவ்வளவு வெளியே வருகிறது என்று வேணியர் இடுக்கியால் அளந்தோம்: 6 மில்லிமீற்றர். குழாயின் விட்டம் 20 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய்க்குள் ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் காற்று இழுபடுகிறது, மறுபடி தூரத்துக்குத் திருப்பும்போது அதே அளவு வெளியே போகிறது. சைக்கிள் பம்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஒருவர் அந்தச் சில்லை எத்தனை தடவை உருட்டுவார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

குழாய் வெளியே நகரும் கருவியிலும் நீர்த்தடை போடலாம். ஆனால் அதற்கு இறுக்கமான வளையம் வேண்டும், சில்லும் கொஞ்சம் கனமாகத்தான் திரும்பும். உங்களுடையது ஒற்றை விரலால் தட்டினாலே ஓடுகிறது. குழாயை முடிந்தமட்டும் வெளியே வரவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது பச்சை நிறக் கிறீஸ் பூச்சு மட்டுமே. வளையத்துக்கான பள்ளம்கூட இல்லை. வெளியில் பாவிப்பதற்கென்று செய்யும் நல்ல கருவிகள் பெரும்பாலானவற்றில் கண் லென்ஸ் அசையாது, உடலுக்குள் ஒரு சிறிய லென்ஸ் மட்டும் முன்பின் நகரும். அது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்றும் போட்டிருக்கிறது. 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் வராத அளவு நீர் உட்செல்லாது என்பது அதன் பொருள். அந்த ஆழத்தில் ஆறிலொரு பங்குகூட நாங்கள் சோதிக்கவில்லை. ஏற்கெனவே பழுதான 5ஆம் இலக்கத்தை, வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் பிடித்தோம். வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்ததற்குக் காரணம் உண்டு: உள்ளிருக்கும் காற்று விரியும், ஓட்டை எங்கே என்று குமிழி காட்டிக்கொடுக்கும். 40 செக்கனில், இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் வலக்கண் டயொப்டர் வளையத்தின் அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறின. பிறகு இடக்கண் குழாயிலிருந்தும் வந்தன. “தண்ணீரில் போட்டதால் உத்தரவாதம் செல்லாது” என்று எழுதுவதற்கு முன்னர் உங்கள் பெட்டியை நீங்களே ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

உத்தரவாதம் என்றதும் இன்னொன்று. தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் “மழையிலும் மூடுபனியிலும் கவலையில்லை, ஹோட்டன் சமவெளிக்கு ஏற்றது” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உத்தரவாத அட்டையில் தமிழே இல்லை. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில், ஈரத்தாலும் பங்கசாலும் வரும் பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது என்று இருக்கிறது. நீர் புகாது என்று விற்ற பொருளுக்கு ஈரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பதாகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

ஜனவரியில் இரண்டு கருவிகளைக் கூரியரில் அனுப்பினோம். நான்கு நாள் வைத்திருந்து “சேவை செய்யப்பட்டது” என்று திருப்பி அனுப்பினீர்கள். திருகாணிகளைக் கழற்றி உலரவிட்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, 2ஆம் இலக்கத்தின் அரியத்தில் யாருடையதோ பெருவிரல் அடையாளம் அப்படியே பதிந்து வந்திருக்கிறது. பத்து நாளில் இரண்டும் மறுபடி மங்கின. உலர்த்துவது பழுதுபார்ப்பு ஆகாது. நைதரசன் நிரப்பிய கருவியைத் திறந்தால் புதிய வளையம் போட்டு, மூடி, மறுபடி வாயு நிரப்ப வேண்டும். அதற்கென்று உடலில் ஒரு சிறிய அடைப்புத் திருகாணி இருக்கும். இவற்றில் அப்படி ஒன்றைத் தேடியும் கிடைக்கவில்லை. மற்ற நான்கையும் நாங்கள் திறக்கவில்லை, திருகாணித் தலையில் உள்ள வர்ணம் கலையாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரத்துக்காகச் சோதிக்கப்போய் அளவிலும் குறை கண்டோம். 8×25 என்றால் கண் லென்ஸில் தெரியும் வெளிச்ச வட்டம், 25ஐ 8ஆல் வகுக்க, 3.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கையை நீட்டி வானத்துக்கு எதிரே பிடித்து அளந்தால் 2.6 தான் வருகிறது. அதுவும் வட்டமாக இல்லை, நான்கு பக்கமும் சீவிவிட்டது போலிருக்கிறது. சந்தேகம் தீர, இருட்டறையில் சற்றுத் தள்ளி நின்று கண் லென்ஸ் வழியாக டோர்ச் அடித்து, முன் லென்ஸிலிருந்து வெளிவரும் வட்டத்தை ஒரு தாளில் விழுத்தி அளந்தோம்: 21 மில்லிமீற்றர். முன் லென்ஸ் 25 தான், ஆனால் உள்ளே சிறிய அரியத்தை வைத்து வெளிச்சத்தை நறுக்கியிருக்கிறார்கள். 25க்குப் பதில் 21 என்றால் வெளிச்சத்தில் 29 வீதம் போய்விட்டது. இலங்கைச் சீகாரப் பூங்குருவி விடியலிலும் அந்தியிலும் ஓடைக்கரை நிழலில்தான் பெரும்பாலும் வெளியே வரும், அந்த நேரத்தில் இந்த 29 வீதம் பெரிய விஷயம். சிறிய கருவி மங்கல் வெளிச்சத்தில் திணறும் என்பது தெரிந்தேதான் சட்டைப்பைக்குள் போகட்டும் என்று 8×25 வாங்கினோம். 8×21க்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை.

இரட்டைக் காட்சி பற்றிச் சுருக்கமாக: 1ஆம், 6ஆம் இலக்கங்களில் பிதுருதலாகலை உச்சிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து மெதுவாக 10 சென்ரிமீற்றர் பின்னுக்கு எடுத்தால், ஒரு கண்ணின் கோபுரம் மற்றதைவிட மேலே நிற்கிறது. இரு குழாயும் ஒரே நேருக்கு இல்லை. பக்கவாட்டில் சற்றுப் பிசகினால் கண் சமாளித்துக்கொள்ளும், மேல்கீழ் பிசகினால் அரை மணி நேரத்தில் தலையிடிதான். “கண்ணைப் பரிசோதியுங்கள்” என்று உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். ஆறு பேரும் மாறி மாறிப் பார்த்தாயிற்று.

எங்கள் கோரிக்கை, 171,000 ரூபாவையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொருள் தருவதானால் அதையும் ஏற்போம், ஆனால் எதைத் தருகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிய வேண்டும். கண் லென்ஸ் வெளியே நகராமல் உள்ளே போகஸ் ஆகும் 8×25 அல்லது 8×32 ஆக இருக்கட்டும். 8×32 என்றால் விலை வித்தியாசத்தை நாங்கள் கட்டுகிறோம். கிட்டப் பார்வை 2 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. எங்களோடு வருபவர்களில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் அதிகம், ஆகவே கண்ணுக்கும் கண் லென்ஸுக்கும் இடையில் குறைந்தது 15 மில்லிமீற்றர் விட்டாலும் முழுக் காட்சியும் தெரிய வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளும் வருவதால் இரு கண் இடைவெளி 56 மில்லிமீற்றர் வரை குறுக வேண்டும். டயொப்டர் வளையம் பைக்குள் உரசித் தானாகத் திரும்பாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

“இன்னும் பெரிதாகத் தெரியும்” என்று சொல்லி 10×25ஐத் தள்ளிவிட வேண்டாம். வட்டம் 2.5க்குச் சுருங்கும், ஏறி வந்த மூச்சிரைப்பில் கை நடுக்கமும் கூடும். முன் லென்ஸ் செம்மஞ்சளாகப் பளபளக்கும் மாதிரியும் வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், காட்சி பச்சை கலந்த நீலமாகிவிடும். விக்டோரியா பூங்காவுக்குக் காஷ்மீர் ஈபிடிப்பானின் நெஞ்சுச் செம்மையைப் பார்க்கவென்றே வருபவரிடம் அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் என்ன விளக்கம் சொல்வது?

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் கூடம் போட்டு இதே மாதிரியை விற்கப்போவதாக உங்கள் விளம்பரத்தில் கண்டோம். அதற்குள் பெட்டியிலும் துண்டுப்பிரசுரத்திலும் உள்ள “நீர் புகாது”, “நைதரசன்”, “ஐபிஎக்ஸ்7” ஆகிய மூன்றையும் எடுத்துவிட வேண்டும். தூறலுக்கு ஒதுங்கி நின்று பார்க்கும் கருவி என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

மார்ச் 14ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து மூலமான பதில் வேண்டும். 13ஆம் திகதி போயா விடுமுறையைக் கழித்தாலும் நாளை தொடக்கம் எட்டு வேலைநாள் இருக்கிறது. அதற்கு மேல் காத்திருக்க முடியாமைக்குக் காரணம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். எங்களுக்கு அந்தக் கெடு மார்ச் 21இல் முடிகிறது. 17ஆம் திகதி காலை இந்தக் கடிதத்தின் பிரதியும் உங்கள் பெட்டியின் படமும் அங்கே போகும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வழிகாட்டிகள் அறுவர்

பி.கு.: ஆறு கருவிகளும் பதிவுத் தபாலில் இத்துடன் வருகின்றன. 3ஆம் இலக்கத்தைத் தனிப் பொலித்தீன் பையில் கட்டியிருக்கிறோம். பங்கசு பிடித்தது அதுதான், உங்கள் வேலைத்தளத்தில் மற்ற லென்ஸ்கள் இருக்கும் இறாக்கையில் அதை வைக்க வேண்டாம்.