கழிவுப் பத்தி

தங்கச்சிமடம்,
சித்திரை 12

அன்பு மகளுக்கு,

பெரிய நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு, ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஓர் அறை எடுத்து, தோழியோடு ஆடிட்டர் அலுவலகம் தொடங்கப்போவதாகப் போனில் சொன்னாய். உன் அம்மா சம்பளத்தைப் பற்றிக் கேட்டாள். எனக்கு அப்போது வாய் எழவில்லை. எழுதினால்தான் எனக்குக் கணக்கு நேராகும் என்பது உனக்குத் தெரியும்.

தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. பொழுது போகாமல், நீ விட்டுப்போன புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். உப்புக்காற்றில் அட்டை உப்பிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தியால் பிரித்துப் பிரித்துப் படித்தேன்.

உங்கள் தொழிலின் பெரிய பெயர்கள் எல்லாம் பிறக்கும்போதே பெரியவை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வில்லியம் டெலாய்ட் 1845இல் லண்டனில் தனியாளாக அலுவலகம் திறந்தார், அதுவும் திவால் நீதிமன்றத்தின் அருகே. நொடித்துப்போனவர்களின் கணக்கைத் தோண்டுவதுதான் அன்றைய பிழைப்பு. பிறகுதான் ரயில் கம்பெனிகள் வந்தன. பணம் போட்டவர்கள் ஓர் ஊரில், ரயில் ஓடுவது வேறோர் ஊரில் என்றானபோது, நடுவில் நின்று கணக்குப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டியிருந்தது. சாமுவேல் பிரைஸ் 1849இல் தொடங்கினார். வாட்டர்ஹவுஸ் அவரோடு வந்து சேர 1865 ஆகிவிட்டது. உனக்காவது முதல் நாளே ஒரு தோழி இருக்கிறாள்.

என்னைத் தூங்கவிடாதவர் ஆர்தர் ஆண்டர்சன். 1913இல் சிகாகோவில் தொடங்கினார். மறு ஆண்டே ஒரு ரயில் கம்பெனித் தலைவர், செலவைக் குறைத்துக் காட்டிய கணக்கில் கையெழுத்துக் கேட்டு வந்தார். ஆண்டர்சன் போட மறுத்தார். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாடிய நேரம் அது. வாடிக்கை போயிற்று. கொஞ்ச நாளில் அந்த ரயில் கம்பெனியும் நொடித்தது.

அடுத்த கதை நம் கடற்கரைக்கென்றே நடந்தது போல இருக்கிறது. 1915இல் ஒரு கப்பல் கம்பெனியின் கணக்கு அவரிடம் வந்தது. கணக்கு முடித்த தேதிக்குப் பிறகு, அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், கம்பெனியின் கப்பல் ஒன்று மூழ்கிவிட்டது. அதையும் ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில், சொல்லியே ஆக வேண்டும் என்று அவர் நின்றார். பங்குனியில் கணக்கு முடித்துச் சித்திரையில் வள்ளம் மூழ்கினால், வள்ளம் இருப்பதாகச் சொல்லிக் கடன் வாங்கலாமா? பாம்பன் பாலத்தடியில் வலை பின்னுகிறவரைக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வார்.

அவர் 1947இல் இறந்தார். நிறுவனம் வளர்ந்து சுமார் 85,000 பேர் வேலை பார்க்கும் இடமாயிற்று. கணக்குப் பார்த்த வீட்டிலேயே ஆலோசனையும் விற்றார்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனி 2000ஆம் ஆண்டில் அவர்களுக்குத் தணிக்கைக்குக் கொடுத்தது 2.5 கோடி டாலர். மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி. 2001இல் என்ரான் விழுந்தது. ஆவணங்களைக் கிழித்த வழக்கில் 2002இல் ஆண்டர்சன் நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, திரும்பி வருவதற்கு நிறுவனம் இல்லை.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. ஆர். சிவபோகம், சுதந்திரப் போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போனவர். 1933இல் இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனார். சிறை சென்றதைக் காட்டித் தடுத்தார்கள். வழக்காடி வென்று தொழில் செய்தார். உங்கள் சட்டமும் இன்ஸ்டிடியூட்டும் 1949இல்தான் வந்தன.

இனி என் கணக்கு. நண்டுக் கம்பெனியில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தது உனக்குத் தெரியும். மீனவர் கையில் ஒரு சிட்டை, நம் மேசையில் பேரேடு. முன்பணம் வாங்கியவர் நண்டைக் கொண்டுவந்து போட்டுப் பற்றைக் கழிக்க வேண்டும். ஒருநாள் முதலாளி, "பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ தண்ணீர்க் கழிவு எழுது" என்றார். நண்டு ஏற்கெனவே தண்ணீர் வடிந்துதான் தராசுக்கு வரும். அது தெரிந்தும், ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் புதிதாக ஒரு பத்தி கோடிட்டேன். நீ அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக் கட்டணம் பாக்கி இருந்தது. தெற்குத் தெருவில் ஒருவர், கடன் ஏன் அடையவில்லை என்று மூன்று வருடம் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வள்ளத்தை விற்றார். அந்த விற்பனைச் சீட்டையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நேற்று மாலை முதலாளியின் மகன் வீட்டுக்கு வந்தார். செய்தி அதற்குள் பரவிவிட்டது. "அப்பா காலத்து உறவு, எங்கள் கணக்கு முழுவதும் தங்கச்சிக்குத்தான்" என்றார். தொகையும் சொன்னார். உன் அறை வாடகைக்கு ஒரு வருடம் தாங்கும். உன் அம்மா காப்பி போட உள்ளே போய்விட்டாள், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான், அவளே முடிவு செய்யட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

போவதென்றால் போ. ஐந்தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கொள்முதல் பேரேட்டைக் கேள். வலது ஓரத்தில் கழிவு என்று ஒரு பத்தி இருக்கும். இன்னும் எழுதுகிறார்கள்.

அன்புடன்,
அப்பா