வினாநிரலுக்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டும்

மேலாண்மைத் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், ப்ராஜெக்ட் கைடுகளாக இருக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாக பி.பி.ஏ., எம்.பி.ஏ. மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்தி வருகிறேன். ப்ராஜெக்ட் வைவாவுக்கும் (அறிக்கையைப் பற்றிய வாய்மொழித் தேர்வு) போவதுண்டு. அண்மையில் ஒரு வைவாவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊழியர்களின் பணித் திருப்தி பற்றிய அறிக்கை. நல்ல தடிமன், நேர்த்தியான பைண்டிங். நான்காம் அத்தியாயத்தில், இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனையின் அட்டவணை, அடியில் பி மதிப்பு 0.043. "இது என்னம்மா சொல்லுது?" என்று கேட்டேன். "சிக்னிஃபிகன்ட் மேடம்" என்றார் அந்த மாணவி, புள்ளியியல்படி தொடர்பு உண்டு என்ற பொருளில். சரி, எதற்கும் எதற்கும் தொடர்பு? பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "வயதுக்கும் பணித் திருப்திக்கும்" என்றார். பதில் சொன்ன 120 பேர் யார் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் மெல்லச் சொன்னார்: கூகுள் ஃபார்ம் இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார். நிரப்பியவர்கள் பெரும்பாலும் வகுப்பு நண்பர்கள். அவர்களில் பலர் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவர்கள்.

எனக்கு அவர் மீது கோபம் வரவில்லை. நாம் பழக்கிய வரிசைப்படிதான் அவர் செய்திருக்கிறார். முதலில் ஒரு தலைப்பு. அடுத்து சீனியர் அறிக்கையிலிருந்து ஒரு வினாநிரல். பதில்கள் வந்ததும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, எந்த எந்தச் சோதனை ஓடுகிறதோ அதையெல்லாம் ஓட்டுவது. கடைசியில், கிடைத்த முடிவுகளுக்கு ஏற்றபடி ஆய்வு நோக்கங்களை எழுதி முதல் அத்தியாயத்தில் சேர்ப்பது. இதில் கேள்வி என்ற ஒன்று எங்கேயுமே பிறக்கவில்லை.

தலைப்பு வேறு, கேள்வி வேறு. 'வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்பது தலைப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் போய்ப் பார்ப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று எதுவும் தெரியாது. 'புகார் கொடுத்துத் தீர்வு பெற்றவர்கள், புகாரே கொடுக்காதவர்களைவிட அதிகமாகத் திரும்பி வந்து வாங்குகிறார்களா?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த இரண்டு குழுக்களைச் சந்திக்க வேண்டும், எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. பதில் 'இல்லை' என்றும் வரலாம். அப்படி வருவதற்கு இடம் இருந்தால்தான் அது ஆய்வு.

மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ன செய்தார் என்பதை நாம் எல்லோருமே வகுப்பில் சொல்கிறோம். மேலாளர் திட்டமிடுகிறார், ஒழுங்கமைக்கிறார், ஒருங்கிணைக்கிறார், கட்டுப்படுத்துகிறார் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மேலாளர் ஒரு நாளில் உண்மையில் என்னதான் செய்கிறார் என்று அவர் கேட்டார். ஐந்து தலைமை நிர்வாகிகளோடு ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து குறித்துக்கொண்டார். அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடங்கூட நீடிக்கவில்லை என்று தெரிந்தது. 1973-இல் அது நூலாக வந்தபின், மேலாளர் வேலையைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. இன்று ஒரு மாணவர் ஐந்து பேரைக் கூர்ந்து கவனித்து எழுதிக் கொண்டுவந்தால், 'சாம்பிள் சைஸ் போதாது' என்று நம்மில் எத்தனை பேர் திருப்பி அனுப்புவோம்?

சாம்பிள் சைஸ் என்றதும் 384 ஞாபகத்துக்கு வருகிறது. எத்தனையோ அறிக்கைகளில் இந்த எண்ணைப் பார்க்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'டேபிளில் இருக்கு' என்பதுதான் பதில். 95 விழுக்காடு நம்பிக்கை, 5 விழுக்காடு பிழை வரம்பு, மக்கள்தொகை பெரியது, பாதிக்குப் பாதி பிரியக்கூடிய பதில் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருவது அது. 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் போதும், கரும்பலகையில் இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் நிற்பது ஒரே ஓர் அனுமானத்தில்: ஆட்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு இணைப்பு அனுப்பி 384 பேரைச் சேர்த்தால், அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதையை இந்த இடத்தில்தான் நடத்த வேண்டும். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அது அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் போன்ற பட்டியல்களிலிருந்து முகவரிகளை எடுத்திருந்தார்கள். அதிலும் ஒரு பகுதியினர்தான் பதில் அனுப்பினார்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்தே கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். என் வகுப்பில் இதைச் சொன்ன பிறகு, 'எத்தனை பேர் மேடம் வேணும்?' என்று கேட்டவர்கள் 'யாரைக் கேக்கணும்?' என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

பி மதிப்புக்கும் இதே கதிதான். தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், நம் கையில் இருக்கிற அளவுக்கோ அதற்கு மேலோ ஒரு வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. கருதுகோள் உண்மையா என்பதையோ, அந்த வேறுபாடு நிர்வாகத்துக்குப் பொருட்படுத்தத் தக்கதா என்பதையோ அது சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் இதைத் தெளிவுபடுத்தி அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. வினாநிரலின் நம்பகத்தன்மைக்குக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணும் அப்படியே. 0.8 வந்தால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று சொல்லலாம். நாம் அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பது தனி விஷயம்.

இன்னொரு மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் மூன்று நாள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எழுதிய குறிப்பை எனக்குக் காட்டினார்: ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். முதல் அழைப்பில் மைய ஊழியர்கள் 'சரிசெய்துவிடுகிறோம்' என்கிறார்கள், எப்போது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கப்புறம்தான் அவர் தன் கேள்வியை எழுதினார்: நாள் குறித்துச் சொன்னால் மறு அழைப்பு குறைகிறதா? எளிய ஒப்பீடு, சிறிய அறிக்கை. வைவாவில் 'ஸ்டாடிஸ்டிகல் டூல் இல்லை' என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். பக்கத்திலேயே இருந்தும் என்னால் மாற்ற முடியவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன். ஆய்வு முறையியலுக்கான முதல் நான்கு வாரங்களைக் கேள்வி எழுதுவதற்கு மட்டுமே ஒதுக்குங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். காத்திருக்கட்டும். வினாநிரலை வெளியே அனுப்பும் முன் பத்துப் பேரை நேரில் உட்காரவைத்து நிரப்பச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். 'விலையும் தரமும் திருப்தியாக உள்ளனவா?' என்று இரண்டை ஒன்றாகக் கேட்டிருந்தால், 'தரம் ஓகே, விலைதான்...' என்று இரண்டாவது ஆளே இழுப்பார். களக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள். பதில்களையே எந்திரத்தை வைத்து உருவாக்கிவிடக்கூடிய இந்தக் காலத்தில், மாணவர் களத்துக்குப் போனாரா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 'தொடர்பு எதுவும் தெரியவில்லை' என்று நேர்மையாக முடிக்கும் அறிக்கைக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். 'மேற்கண்ட அட்டவணையிலிருந்து அறியப்படுவது யாதெனில்' என்று பக்கம் நிரப்பும் பாலின, வயது அட்டவணைகளை ஒரே பக்கத்தில் அடக்கச் சொல்லலாம். கைடு ஒருவருக்கு இத்தனை மாணவர்கள்தான் என்ற வரம்பும் தேவை. இருபது பேரை வைத்துக்கொண்டு யாருடைய கேள்வியையும் உட்கார்ந்து திருத்த முடியாது.

அந்த மாணவி வைவா முடிந்ததும் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "இதை எப்படிச் செஞ்சிருக்கணும் மேடம்?" என்று கேட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். பணித் திருப்தியை ஏன் எடுத்தாய் என்று கேட்டபோது, அவருடைய அக்கா நல்ல சம்பளம் வந்தும் ஒரே வருடத்தில் இரண்டு வேலைகளை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஏன் விட்டார் என்று கேட்டேன். "தெரியல மேடம், கேட்டதே இல்ல" என்றார். சற்று யோசித்துவிட்டு, சம்பளம் குறையாமல் இருந்தும் முதல் வருடத்திலேயே வேலையை விடுகிறவர்களைப் பற்றி அவரே ஒரு கேள்வியைச் சொல்லிப் பார்த்தார். நல்ல கேள்வி. அதற்குள் அவருடைய அறிக்கைக்கு மதிப்பெண் போட்டு முடித்திருந்தோம்.

அன்புடன்,
ஆய்வு முறையியல் நடத்தும் ஓர் ஆசிரியை